பவுல்சாமி போட்ட வாய்ஸ்

கத்திரி தொடங்கி ஐந்தாம் நாள். காலை எட்டு மணிக்கே சாந்தோம் சந்துகளில் காற்று நின்றுபோயிருந்தது. கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தும் ஒரு பிரயோசனமும் இல்லை. பவுல்சாமி பழைய சோற்றில் மோரை ஊற்றிப் பிசைந்து, வறுத்த நெத்திலியை ஓரமாக ஒதுக்கி, முதல் வாய் எடுத்த நேரத்தில் அச்யுத்திடமிருந்து போன் வந்தது. இடது கையால் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

மயிலாப்பூர் சித்திரகுளத்தருகே தன் வீட்டு மாடியிலேயே ஏ.சி.க்குள் இருக்கும் சர்க்யூட் போர்டுகளைப் பழுது பார்க்கிறவன் அச்யுத். இஞ்சினீயரிங் முடித்து நல்ல வேலையில் இருந்தவன், அதை விட்டுவிட்டு அப்பாவின் முணுமுணுப்புக்கு நடுவில் சால்டரிங் கம்பியோடு உட்கார்ந்திருக்கிறான்.

“பவுல்சாமி சார், சாப்டுண்டிருக்கேளா?”

“பரவால்ல, சொல்லு நைனா.”

“ஒரு சந்தேகம். இந்த ரெண்டு வாரத்துல நம்ம குரூப் ஆட்கள்கிட்டேர்ந்து அஞ்சு போர்டு எங்காத்துக்கு வந்திருக்கு. அஞ்சுலயும் அந்த நாலு கால் பார்ட்டை மாத்தியிருக்கா. நீங்க வாய்ஸ்ல சொன்னேளே, அதேதான். ஆனா ஒண்ணுல கூட அது போகலை. பழசையெல்லாம் டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டேன், நன்னாத்தான் இருக்கு.”

“ம்.”

“மந்தைவெளில நீங்க கழட்டின அந்தப் பழைய பார்ட் இருக்கா? இருந்தா கொண்டு வாங்கோ. அது எதனால போச்சுன்னு நான் தெரிஞ்சுண்டா, குரூப்ல எல்லாருக்கும் சொல்லிடலாம்.”

“தேடிப் பாக்கறேன்” என்றார் பவுல்சாமி.

தேடினால் கிடைக்காது. அப்படி ஒரு பார்ட்டை அவர் கழற்றவே இல்லை.

இந்த இடத்தில் குரூப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பவுல்சாமி இருபத்து மூன்று வருஷமாக ஏ.சி. வேலை பார்க்கிறவர். ஆரம்பத்தில் எல்லாம் ஜன்னல் ஏ.சி. காஸ், கப்பாசிட்டர், கம்ப்ரசர், இந்த மூன்றில் ஒன்றுதான் வியாதி. காதை வைத்துக் கேட்டே சொல்லிவிடுவார். பிறகு இன்வெர்ட்டர் வந்தது. வெளியே வைக்கும் பெட்டிக்குள்ளும் ஒரு போர்டு, உள்ளே மாட்டும் பெட்டிக்குள்ளும் ஒரு போர்டு, இரண்டும் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொள்கின்றன, பேச்சு அறுந்தால் ஒரு எழுத்தும் ஒரு நம்பரும் மினுக்குகின்றன. கம்பெனிக்காரர்கள் தங்கள் ஆட்களுக்கு மட்டும் சொல்லிக்கொடுத்தார்கள். வெளியில் இருக்கிறவன் எப்படிக் கற்றுக்கொள்வது?

பவுல்சாமி கற்றுக்கொண்ட விதம், ஸ்பேர் கடையில் வரிசையில் நிற்கும்போது பக்கத்தில் நிற்பவனிடம் நம்பர் வாங்குவது. திருவான்மியூர் வைரவன் அப்படிக் கிடைத்தவன். வடபழனி ஹஸன் அப்படிக் கிடைத்தவன். தொழிலில் எல்லாரும் போட்டிக்காரர்கள், ஆனாலும் ஒருவனுக்குத் தெரிந்தது இன்னொருவனுக்குத் தெரியாது என்ற ஒரே காரணத்தால் ஒட்டிக்கொண்டார்கள். நாலு பேராக ஆரம்பித்த வாட்ஸப் குரூப் இப்போது அறுபத்தோரு பேர். பெயர், ‘ஏ.சி. சந்தேகம்’. பாதிப் பேருக்கு டைப் அடிக்கப் பொறுமை கிடையாது. எல்லாம் வாய்ஸ்தான். ஒரு கையில் ஸ்பானரும் மறு கையில் போனுமாக, மொட்டை மாடிகளிலிருந்தும் பாத்ரூம் ஜன்னல் விளிம்புகளிலிருந்தும் வாய்ஸ் போடுவார்கள்.

குரூப்புக்கு ஒரே ஒரு கண்டிப்பான வழக்கம் உண்டு. சந்தேகம் கேட்டவன், வேலை முடிந்ததும் திரும்பி வந்து கடைசியில் என்னதான் கோளாறு என்று சொல்ல வேண்டும். சொல்லாதவனுக்கு அடுத்த முறை யாரும் வாயைத் திறக்கக் கூடாது. இந்த வழக்கத்தை உண்டாக்கியது பவுல்சாமியின் மனைவி வெரோனிகா. மாதா கோயில் பங்குப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். கணவரின் போன் நாள் முழுக்க வீட்டில் பேசுவதால், மீன் கழுவிக்கொண்டே ஏ.சி. வியாதிகள் பாதியை மனப்பாடம் பண்ணியிருந்தார். “கேட்டுட்டு ஓடிப்போயிட்டா, சொன்னவனுக்கு தான் சொன்னது சரியா தப்பான்னு எப்படித் தெரியும்?” என்று அவர் ஒருநாள் கேட்டதுதான் சட்டமானது.

புதிதாக வருகிறவர்களுக்குப் பவுல்சாமி சொல்வது எப்போதும் ஒன்றே. முதலில் வயரைப் பார். போர்டைத் தொடுவதற்கு முன்னால் வயரைப் பார். இதை அவர் நூறு தரமாவது சொல்லியிருப்பார்.

அப்படிப்பட்டவர் மூன்று வாரத்துக்கு முன் மந்தைவெளியில் வெங்கடரமணன் வீட்டு ஏ.சி.யைப் பெயிண்ட் வேலைக்காகக் கழற்றித் திரும்ப மாட்டினார். போட்டால் எரர். உள் பெட்டிக்கும் வெளிப் பெட்டிக்கும் பேச்சு இல்லை. குரூப்பில் கேட்டார். பவுலண்ணனுக்கே சந்தேகமா என்று குரூப்பே திரண்டுவிட்டது. ஹஸன் தன் வேலையை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் வீடியோவில் நின்று, “அதை அளந்து பாருண்ணா, இதை அளந்து பாருண்ணா” என்று கூடவே இருந்தான். ஆளாளுக்கு ஒரு யோசனை. வயரைப் பார்த்தாயா என்று மட்டும் ஒருவனும் கேட்கவில்லை. பவுலண்ணனிடம் போய் அதை எப்படிக் கேட்பது?

சாயங்காலம் நாலு மணிக்கு அவரே கண்டுபிடித்தார். வெளிப் பெட்டியில் இரண்டாம் நம்பர் முனைக்கும் மூன்றாம் நம்பர் முனைக்கும் போக வேண்டிய வயரை மாற்றி முறுக்கியிருந்தார். வேறு யாரும் இல்லை, சாட்சாத் அவரேதான். மாற்றிப் போட்டதும் ஏ.சி. ஓடியது. வெங்கடரமணன் காபி கொடுத்தார். பவுல்சாமிக்குக் காபி இறங்கவில்லை. குரூப்பில் அறுபது பேர் காத்திருந்தார்கள். வழக்கப்படி சொல்ல வேண்டும். வாய்ஸ் பட்டனை அழுத்தினார். வாயில் வந்தது இதுதான்: “போர்டுலதான் கோளாறு. சிக்னல் வாங்குற நாலு கால் பார்ட்டு ஒண்ணு கீது, அது பூட்ச்சு. ஈரம் பட்டா இது போயிடுது. மாத்தினேன், ஓடுது.”

நாற்பத்தெட்டுக் கட்டைவிரல்கள் உயர்ந்தன.

*

அச்யுத்தின் போனை வைத்துவிட்டுப் பவுல்சாமி சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கு லீவு என்பதால் வெரோனிகா வாசற்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அப்போது குரூப்பில் ஒரு வாய்ஸ் வந்தது. ஹஸன். பவுல்சாமி விரலை வைத்ததும் அவன் மூச்சு வாங்குவது முதலில் கேட்டது.

“பவுலண்ணா, வடபழனிலேர்ந்து ஹஸன். நான் பாக்கற கல்யாண மண்டபத்துல மொட்டை மாடிக்குத் தார் போட்டானுங்க இல்ல, அதுக்கு மூணு அவுட்டோர் பெட்டியையும் நகத்தி வெச்சானுங்க. கேபிளையும் அறுத்துட்டானுங்க. நான் ஜாயின் பண்ணி நேத்து போட்டா மூணுமே அதே எரர்ண்ணா, உனுக்கு மந்தைவெளில வந்துச்சே அதே. முந்தாநேத்து மழை வேற தூறுச்சா, ஈரம் பட்டுடுச்சு போல. ஒரு போர்டுல நீ சொன்ன பார்ட்டை மாத்திட்டேன். அப்பவும் ஓடலை. மூணு போர்டும் செத்துடுச்சுன்னு மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன். நாளைக்கு ரிசப்ஷன். இன்னிக்கு நாலு மணிக்கு வேற கம்பெனி ஆளைக் கூப்ட்டுக்கறேன்னு சொல்லிட்டாரு. இந்த மண்டபத்தை வெச்சுத்தான்ணா நான் பொழைக்கறேன். நீ மாத்தினப்ப வேற எதுனா செஞ்சியா? யோசிச்சு சொல்லுண்ணா.”

வெரோனிகா கீரையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“கேபிளை அறுத்து ஜாயின் பண்ணியிருக்கான் இல்ல” என்றார். “அப்ப வயர் மாறியிருக்கும். இதுக்கு எதுக்கு போர்டு?”

பவுல்சாமி நெத்திலியைத் தட்டின் மறு ஓரத்துக்குத் தள்ளினார்.

“என்னாங்க? நீங்கதான எப்பவும் சொல்வீங்க, முதல்ல வயர்னு. அவனுக்குச் சொல்லுங்க.”

“சொல்லணும்.”

“சொல்லுங்களேன். அதுக்கு ஏன் மூஞ்சி இப்படிப் போவுது?”

பவுல்சாமி தட்டைத் தள்ளிவைத்தார். கை கழுவக்கூட எழுந்திருக்கவில்லை. “வெரோனி, மந்தைவெளில போர்டு ஒண்ணும் போவல. நான்தான் வயரை மாத்திப் போட்டுட்டேன். அதை எப்படிச் சொல்றதுன்னு இருந்துச்சு. அத்தினி பேரு ஒக்காந்து நமக்காக யோசிச்சுக்கினு இருந்தானுங்க.”

வெரோனிகா திட்டுவார் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாகியிருக்கும். அவர் மடியிலிருந்த கீரைக் காம்புகளை ஒவ்வொன்றாக முறத்தில் போட்டார்.

“அச்யுத்து சொன்ன அஞ்சு போர்டு?”

“அதுவும் என்னாலதான்.”

“அந்த அஞ்சு பேரும் உங்க பேச்சைக் கேட்டு நல்ல போர்டைக் கழட்டினவங்க.”

“ஆமா.”

“ஹஸனுக்குப் போன் போட்டு வயரைப் பாருன்னு சொல்லிடுவீங்க. அவன் வேலை முடிஞ்சுடும். அவனுக்கு அப்புறம் போர்டைக் கழட்டப்போற ஆளு?”

“அதான் யோசிக்கறேன்.”

“குரூப்ல சொல்லிடுங்க.”

“நீ ஈசியா சொல்லிட்ட. சாமியார்கிட்ட பாவமன்னிப்புன்னா திரைக்குப் பின்னால மெதுவாச் சொல்லிட்டு மூணு அருள் நிறைஞ்ச மரியே சொல்லிட்டு வந்துடலாம். இங்க அறுபது பேரு. அப்பால எவனாவது என்னை மதிப்பானா? பவுலண்ணா பவுலண்ணான்னு கூப்ட்டுக்கினு இருக்கானுங்க. எனுக்கு வேற இன்னா கீது?”

அது நிஜம். சொந்த வீடு இல்லை, கடை இல்லை, பெயர்ப் பலகை மாட்டிய ஷட்டர் இல்லை. ஒரு பையும் ஒரு பழைய மொபெட்டும்தான். ஆனால் செங்கல்பட்டிலிருந்து ஒருவன், முகம் பார்க்காதவன், “அண்ணா நீ சொன்ன மாதிரி செஞ்சேன், ஓடுது” என்று வாய்ஸ் போடும்போது பவுல்சாமிக்கு முதுகு நிமிரும். பத்தாம் வகுப்பு தாண்டாத மனிதருக்கு வேறு எங்கே அது கிடைக்கும்? வெரோனிகாவுக்கும் அது தெரியும். அதனால் அவர் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

பவுல்சாமி கை கழுவினார். ஹஸனுக்குப் போன் போடலாம் என்று எடுத்தவர், போடாமல் பையில் வைத்தார். நேரில் போய், வயரைச் சரிசெய்து, ஓடவிட்டு, பிறகு மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம். உண்மையை ஹஸனின் காதில் மட்டும் போட்டுவைத்தாலே போதுமோ என்றும் ஒரு நப்பாசை இருந்தது.

*

லஸ், ஆழ்வார்பேட்டை, தி.நகர் என்று மொபெட் போயிற்று. தி.நகரில் மேம்பாலத்தின் கீழே அந்த வெயிலிலும் ஜனம் துணிப்பைகளோடு நெருக்கிக்கொண்டிருந்தது. கோடம்பாக்கம் பாலம் ஏறும்போது ஹெல்மெட்டுக்குள் வியர்வை கண்ணில் இறங்கியது. வடபழனி கோயிலில் முகூர்த்த நாள், தெருவெல்லாம் மாலையும் கழுத்துமாக ஜோடிகள். மண்டபம் போய்ச் சேர மணி பதினொன்றாகிவிட்டது.

மொட்டை மாடியில் புதுத் தார் இளகிக் காலில் ஒட்டியது. மூன்று வெளிப் பெட்டிகளும் மூடி கழற்றிக் கிடந்தன. ஹஸன் தண்ணீர்த் தொட்டி நிழலில் குந்தியிருந்தான். முப்பது வயது இருக்கும். இரண்டு நாளாக ஷேவ் செய்யாத முகம். பவுல்சாமியைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

“அண்ணா, நீயே வந்துட்டியா? வாய்ஸ் போட்டிருந்தா போதுமே. இந்த வெயில்ல...”

“மீட்டர் குடு” என்றார் பவுல்சாமி.

ஹஸனைக் கீழே ஹாலுக்கு அனுப்பி ஒரு முனையைத் தொடச் சொல்லி, மேலே மறுமுனையை அளந்தார். பத்து நிமிஷ வேலை. இரண்டும் மூன்றும் மாறியிருந்தன. அறுந்த இடத்தில் ஹஸன் போட்ட புதுக் கேபிளின் நிறங்கள் பழையதோடு பொருந்தவில்லை, மூன்று மிஷினிலும் ஒரே மாதிரி மாற்றிச் சேர்த்துவிட்டான். பவுல்சாமி முதல் மிஷினில் வயரை மாற்றி முறுக்கி, ஸ்விட்ச்சைப் போடச் சொன்னார். ஒரு நிமிஷம் சும்மா இருந்தது. பிறகு பேன் சுற்றத் தொடங்கியது.

படியேறி வந்த ஹஸன் சுற்றும் பேனைப் பார்த்தான். பவுல்சாமியைப் பார்த்தான். சந்தோஷப்படவில்லை.

“வயராண்ணா?”

“வயர்தான்.”

“நான் பாத்தேன்ணா.”

“இன்னா பாத்தே?”

“நேத்தே பாத்தேன். கீழ ரெண்டுல கறுப்பு கீது, மேல மூணுல கறுப்பு கீது. மாறியிருக்குமோன்னு தோணுச்சு. மீட்டரைக் கூட கையில எடுத்துட்டேன். அப்பால உன் வாய்ஸ் ஞாபகம் வந்துச்சு. இதே எரரு, பவுலண்ணனுக்கே போர்டுன்னுதான் வந்துச்சு, அவரு வயரைப் பாக்காமயா இருந்திருப்பாரு, நடுவுல ஜாயின்ட்ல கலர் மாறியிருக்கும்னு நெனச்சு மீட்டரை வெச்சுட்டேன்.”

வழியெல்லாம் பவுல்சாமி யோசித்து வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றும் இதற்குப் பொருந்தவில்லை. தெரியாதவன் ஏமாந்தான் என்றால் அது ஒரு மாதிரி. இவன் தன் கண்ணால் சரியாகப் பார்த்துவிட்டு, பவுல்சாமிக்காகத் தன் கண்ணையே நம்பாமல் விட்டிருக்கிறான்.

அவர் வாயைத் திறப்பதற்குள் மேனேஜர் தனபாலன் மேலே வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, கையில் சாவிக் கொத்து. பேன் சுற்றுவதைப் பார்த்து நின்றார்.

“ஓடுதே?”

“ஓடுது சார்” என்றான் ஹஸன்.

“என்ன மாத்தின?”

“ஒண்ணும் மாத்தல சார். வயர்தான்.”

தனபாலன் சிரித்தார். அந்தச் சிரிப்பு நன்றாக இல்லை. “நேத்து ராத்திரி மூணு போர்டும் செத்துப்போச்சு, புதுசு வாங்கணும்னு சொன்ன. இப்ப வெளியாள் வந்து ஒரு ஸ்க்ரூவைத் திருப்பினதும் ஓடுது. நான் சரின்னு தலையாட்டியிருந்தா மூணு போர்டை என் தலையில கட்டியிருப்ப. இத்தினி நாளா இதேதான் பண்ணிக்கினு இருந்தியாப்பா?”

“அல்லா சத்தியமா இல்ல சார்.”

“அல்லாவை எதுக்கு இழுக்குற? நாலு மணிக்கு வர்றவங்க வரட்டும். நீ மாடிச் சாவியைக் குடுத்துட்டுக் கிளம்பு.”

ஹஸனின் முகம் சிறுத்துப்போயிற்று. திருட்டுப் பட்டம் கட்டினால் மறுத்துப் பேசக்கூட வராத ரகம் அவன். பவுல்சாமிக்கு அப்போதுதான் விளங்கியது. மிஷினை ஓடவிட்டால் ஹஸன் தப்பித்துவிடுவான் என்றல்லவா நினைத்தார். ஓடியதால்தான் அவன் திருடனாகி நிற்கிறான்.

“சார், ஒரு நிமிசம்” என்றார். “இதைக் கேளுங்க.”

போனை எடுத்தார். மூன்று வாரப் பேச்சுக்களை விரலால் தள்ளித் தள்ளி மேலே போய், அந்த வாய்ஸைக் கண்டுபிடித்து, சத்தத்தைக் கூட்டி வைத்தார். மொட்டை மாடியில் அவர் குரலே கணீரென்று கேட்டது. போர்டுலதான் கோளாறு. நாலு கால் பார்ட்டு ஒண்ணு கீது, அது பூட்ச்சு. ஒரு தடுமாற்றம் இல்லை, ஒரு இழுவை இல்லை. இவ்வளவு அழகாகவா பொய் சொன்னோம் என்று அவருக்கே கூசியது.

“இது யாரு?” என்றார் தனபாலன்.

“நான்தான் சார். அது பொய். அன்னிக்கு நான் வயரை மாத்திப் போட்டு முட்டாள்தனம் பண்ணிட்டேன். வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு, போர்டுன்னு சொல்லிட்டேன். இவன் அதை நம்பி உங்களாண்ட சொன்னான். நேத்து இவன் வயரைத்தான் மொதல்ல சந்தேகப்பட்டான். என்னாலதான் விட்டுட்டான். திருட்டுத்தனம் இவன்கிட்ட இல்ல சார், என்கிட்டதான்.”

தனபாலன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “நீங்க எந்தக் கம்பெனி?”

“கம்பெனி இல்ல சார், சாந்தோம்ல தனியா வேலை பாக்கறேன். இவனுக்குத் தெரிஞ்சவன்.”

“இதைச் சொல்றதுக்கா சாந்தோம்லேர்ந்து வந்தீங்க?”

“வரும்போது சொல்றதா இல்ல” என்றார் பவுல்சாமி.

தனபாலன் சாவிக் கொத்தை விரலில் ஒரு சுற்றுச் சுற்றினார். “மூணும் ரெண்டு மணிக்குள்ள ஓடணும். ஹால்ல உக்காந்து நான் பாக்கறேன். குளிர்ச்சி வந்துச்சுன்னா நாலு மணி ஆளை வேணாம்னு சொல்றேன்.” படியிறங்கிப் போனார்.

ஹஸன் தொட்டி நிழலுக்குப் போய் உட்கார்ந்தான். “எப்பண்ணா தெரிஞ்சுது உனுக்கு, வயர்னு?”

“அன்னிக்கே. நாலு மணிக்கு.”

“நான் மூணு மணி வரைக்கும் வீடியோல நின்னேன்.”

“தெரியும்டா.”

பவுல்சாமி ஒரு மிஷின் ஓடும் இரைச்சலுக்குப் பக்கத்திலேயே நின்று குரூப்பைத் திறந்தார். பட்டனை அழுத்தினார், விட்டார். மறுபடி அழுத்தினார்.

“எல்லாருக்கும் பவுல்சாமி பேசறேன். மந்தைவெளி கேஸ்ல போர்டு போவல. நான் ரெண்டாம் நம்பர், மூணாம் நம்பர் வயரை மாத்திப் போட்டிருந்தேன். அதை மறைச்சு பார்ட்டு போச்சுன்னு பொய் சொன்னேன். அதைக் கேட்டு அஞ்சு பேரு நல்ல போர்டைக் கழட்டியிருக்கீங்க. ஹஸன் இன்னிக்கு என்னால மண்டபத்துல திருடன்னு பேர் வாங்கிட்டான். அச்யுத்து, நீ கேட்ட பார்ட்டு என்கிட்ட கிடையாது, எப்பவும் இருந்ததில்ல. திட்றவங்க திட்டுங்க. குரூப்பை வைரவன் பாத்துக்கட்டும்.”

அனுப்பினார். தொட்டி நிழலில் ஹஸனின் போன் அடித்தது. பேசும்போது எதிரிலேயே இருந்தவன், முழுவதையும் காதில் வைத்து ஒரு தரம் கேட்டான். குரூப்பில் வாய்ஸைக் கேட்டவர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டே இருந்தன. கட்டைவிரல் ஒன்றும் உயரவில்லை. கடைசியில் அச்யுத்திடமிருந்து ஒரு வரி, டைப் அடித்து வந்தது: ‘அந்த அஞ்சு போர்டையும் பழையபடி பண்ணிக் குடுத்துடறேன். நாளைக்கு வந்து கூட ஒக்காந்துக்கோங்கோ சார்.’

பவுல்சாமி அதை இரண்டு தரம் படித்தார். போனைப் பையில் போட்டுவிட்டு மற்ற இரண்டு மிஷினிலும் வயரை மாற்றி முறுக்கினார். கம்பிகள் வெயிலில் சுட்டன. முடித்துவிட்டு, “ஸ்விட்ச்சைப் போடு” என்றார்.

ஹஸன் போடவில்லை. மீட்டரை எடுத்துக்கொண்டு வந்தான். பவுல்சாமியைத் தள்ளி நிற்கச் சொல்லி, அவர் முறுக்கிய ஒவ்வொரு முனையையும் இழுத்துப் பார்த்தான். கீழே இறங்கிப் போய்த் தொட்டான், மேலே வந்து அளந்தான். மறுபடி இறங்கினான். இருபத்து மூன்று வருஷத்தில் பவுல்சாமி கட்டிய வயரை யாரும் இப்படிச் சோதித்தது கிடையாது. அவருக்கு வலித்தது. மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு, சூடான தாரில் கால் மாற்றி மாற்றி நின்றார்.

“சரியா கீதாடா?”

“கீதுண்ணா.” ஹஸன் நிமிரவில்லை. “இனிமே நீ சொன்னாலும் நான் அளந்துதான் பாப்பேன்.”

“பாரு” என்றார் பவுல்சாமி. “அந்தக் கடைசி முனையை இன்னொரு தரம் பாரு.”

ஹஸன் பார்த்தான்.